அவள் ஏன் காடியில் ஏறினாள்? இரண்டு நாவல்களில் வசப்படுத்தலும் அதிகாரமும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப் பட்டணத்தில் நாலு பேர் கூடி நாவல் பேசினால், பேச்சு ஒரு கட்டத்தில் இந்த இடத்தில் வந்து மாட்டிக்கொள்ளும். "யாரும் அவ கையப் புடிச்சி இழுக்கலையே, அவளாத்தானே காடியில (வண்டியில) ஏறுனா?" என்பார் ஒருவர். "பணக்காரப் பயலுவ எல்லாம் இப்படித்தான்கா" என்பார் இன்னொருவர். முதல் பதில் பழியைப் பெண்ணின் தலையில் கட்டுகிறது. இரண்டாவது, ஆணைத் திட்டிவிட்டு எழுந்து போய்விடுகிறது. நாவலாசிரியர் பக்கம் பக்கமாக எதைக் காட்ட உழைத்தாரோ, அது இரண்டிலும் விட்டுப்போகிறது.

இலக்கியப் பாடம் எடுக்கும் மாணவர்களின் கட்டுரைகளிலும் இதே குழப்பம்தான். காதல், ஆசை காட்டி வசப்படுத்துதல், பலவந்தம் மூன்றும் ஒரே பத்தியில் கலந்துகட்டி வரும். அவற்றைப் பிரித்துப் பார்க்கவும், அப்படிப் பிரித்த பிறகு இரண்டு நாவல்களை ஒப்பிடவும் வழி சொல்வதுதான் இந்தக் கட்டுரை. எடுத்துக்கொள்ளும் நாவல்கள்: தாமஸ் ஹார்டியின் 'டெஸ் ஆஃப் த டர்பர்வில்ஸ்' (1891), ஜெயகாந்தனின் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' (1970).

கதை தெரியாதவர்களுக்கு

டெஸ், இங்கிலாந்தின் கிராமப்புற ஏழைக் குடும்பத்தின் மூத்த பெண். அப்பா குடிகாரர். ஓர் இரவு தேன்கூடுகளை ஏற்றிய வண்டியை அவள் ஓட்டிப்போகிறாள். கண் அசந்த நேரத்தில் எதிரே வந்த தபால் வண்டி மோதி, குடும்பத்துக்குச் சோறு போட்ட ஒரே குதிரை செத்துப்போகிறது. அந்தக் குற்ற உணர்ச்சியில், 'உறவுக்காரர்கள்' என்று நம்பப்படும் ஒரு பணக்கார வீட்டுக்கு உதவி கேட்டுப் போகிறாள். அந்த வீட்டு மகன் அலெக். உண்மையில் அது உறவே இல்லை. வியாபாரத்தில் சம்பாதித்த குடும்பம் ஒரு பழைய பிரபு வம்சத்தின் பெயரைத் தன் பெயரோடு ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். அங்கே கோழி பார்க்கும் வேலைக்குச் சேர்ந்த டெஸ், சில மாதங்களில் அலெக்கால் கெடுக்கப்படுகிறாள். பிறகு ஏஞ்சல் கிளேர் என்பவனை மணக்கிறாள். நடந்ததைத் திருமண இரவில் சொல்ல, அவன் விலகிப்போகிறான். கதை, டெஸ் அலெக்கைக் கத்தியால் கொல்வதிலும் அவளுடைய தூக்குத் தண்டனையிலும் முடிகிறது.

கங்கா, சென்னையில் படிக்கும் ஏழைப் பிராமணப் பெண். கல்லூரி விட்டு மழையில் நிற்கும்போது, அறிமுகமில்லாத ஓர் இளைஞன் தன் பெரிய காரில் ஏற்றிக்கொள்கிறான். அன்று நடந்ததை வீட்டில் வந்து சொன்னதும் அம்மா கூச்சல் போட, அண்ணன் வீட்டைவிட்டுத் துரத்துகிறான். வக்கீல் மாமா ஆதரித்துப் படிக்கவைக்கிறார். வேலைக்குப் போய், சொந்தக் காலில் நிற்கும் வயதில், அந்த இளைஞனைத் தேடிக் கண்டுபிடிக்கிறாள். அவன் பெயர் பிரபாகர், சுருக்கமாகப் பிரபு. இந்த நாவலுக்கு 1972-இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

இரண்டுக்கும் நடுவே சுமார் 80 ஆண்டு இடைவெளி. ஆனாலும் ஏழைப் பெண், வசதியான ஆண், அவன் கையில் ஒரு வாகனம், பெண் வீடு திரும்பிய பிறகு ஊர் பேசும் பேச்சு என்று எலும்புக்கூடு ஒன்றாகவே இருக்கிறது. ஒப்பிட்டுப் பழக இதைவிட நல்ல ஜோடி கிடைப்பது அரிது.

555 புத்தகம் சொல்லும் கணக்கு

தோட்டக் கடையில் இருந்த 555 புத்தகம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். சட்டைப்பையில் அடங்கும் சின்ன நோட்டு. இன்றைக்கு அரிசி, நாளைக்குச் சீனி, மறுநாள் கருவாடு என்று கடைக்காரர் எழுதிக்கொண்டே வருவார். எந்த ஒரு வரியும் தனியாகப் பார்த்தால் பாரமில்லை. "பரவால்லம்மா, சம்பளத்துக்குப் பாத்துக்கலாம்" என்பார். அந்தப் 'பரவால்ல'வும் ஒரு கடன்தான். அது மட்டும் நோட்டில் ஏறாது. கணக்கு ஏறிய பிறகு வேறு கடைக்குப் போக முடியாது. விலை கூட என்று வாய் திறக்கவும் முடியாது.

நாவல்களில் வசப்படுத்தல் வேலை செய்வது இதே விதத்தில்தான், இரண்டு மாற்றங்களோடு. ஒன்று, புத்தகம் அவன் கையில் மட்டுமே இருக்கிறது. தன் பெயரில் கணக்கு ஏறுகிறது என்பதே அவளுக்குத் தெரியாது. இரண்டு, எதைக் கொடுத்துக் கணக்கைத் தீர்க்க வேண்டும் என்பதைக் கடைசி நிமிடம்வரை அவன் சொல்வதில்லை.

இந்த இடத்தில் மூன்று சொற்களை வரையறுத்துக்கொண்டால் மேலே பேசுவது எளிது.

வசப்படுத்தல்: ஒருவர் கேட்காத உதவிகள், புகழ்ச்சி, தனிமை ஆகியவற்றைப் படிப்படியாகச் சேர்த்து, கடைசியில் அவர் மறுக்க முடியாத நிலைக்குக் கொண்டுவருவது.

இசைவு: நடக்கப்போவது என்னவென்று தெரிந்து, வேண்டாம் என்று சொல்லவும் வழி இருந்து, அதன் பிறகு சொல்லும் 'சரி'.

அதிகாரம்: எதிரில் இருப்பவர் 'முடியாது' என்று சொன்னால் அவருக்கு என்ன நஷ்டம் ஆகும் என்பதைத் தீர்மானிக்கக்கூடிய நிலை.

மூன்றாவதுதான் முக்கியம். அதிகாரம் என்றதும் கத்தலையும் அடியையும் தேடுகிறவர்கள், சிரித்துப் பேசும் அலெக்கிடம் அது இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். மலேசியச் சட்டமே இந்த இடத்தில் நம் பொதுப் பேச்சைவிட முன்னே போய்விட்டது. 2017-ஆம் ஆண்டின் சிறார் பாலியல் குற்றச் சட்டத்தில், 18 வயதுக்குக் குறைந்தவரிடம் அந்த நோக்கத்தோடு பேசிப் பழகி வசப்படுத்துவதே தனிக் குற்றம். தொட்டிருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. பெற்றோர், பாதுகாவலர், ஆசிரியர் போல நம்பிக்கைக்குரிய இடத்தில் இருப்பவர் செய்தால் தண்டனை கூடுகிறது.

இதுவரை: வசப்படுத்தல் ஒரு இரவில் நடப்பதில்லை, அது ஒரு கணக்கு. அந்தக் கணக்கின் பலம், மறுத்தால் வரும் நஷ்டத்தில் இருக்கிறது.

ஒரு ஸ்ட்ராபெர்ரி, ஒரு தொப்பி

'டெஸ்' நாவலின் 5-ஆம் அத்தியாயத்தைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். டெஸ் முதன்முறையாக அலெக்கைப் பார்க்கும் நாள். அவன் தோட்டத்தைச் சுற்றிக் காட்டுகிறான். ஒரு ஸ்ட்ராபெர்ரியைக் காம்போடு பிடித்து அவள் வாயருகே நீட்டுகிறான். கையில் கொடுங்கள், நானே சாப்பிட்டுக்கொள்கிறேன் என்கிறாள் அவள். அவன் விடுவதில்லை. சங்கடத்தோடு உதட்டைத் திறந்து வாங்கிக்கொள்கிறாள்.

இதில் கெட்ட வார்த்தை இல்லை, பலவந்தம் இல்லை. ஒரு பழம். ஆனால் மேலே சொன்ன மூன்று வரையறைகளும் இந்த ஒரு காட்சிக்குள் இருக்கின்றன. அவள் 'வேண்டாம்' என்றாள். அவன் அதைக் கேட்காததுபோல நடந்துகொண்டான். அவள் கோபித்துக்கொண்டு திரும்பினால், வீட்டில் செத்த குதிரைக்கு மாற்றுக் குதிரை வராது. பிறகு வேலைக்கான கடிதம் அவன் அம்மாவின் பெயரில் வருகிறது. கையெழுத்து மட்டும் ஆண் எழுதியதுபோல இருக்கிறது என்று ஹார்டி ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறார். கவனிக்காமல் தாண்டிவிடக்கூடிய வரி. அந்த அம்மாளுக்குக் கண் தெரியாது. கணக்குப் புத்தகம் யார் கையில் என்று அங்கேயே தெரிந்துவிடுகிறது.

8-ஆம் அத்தியாயத்தில், அவளை அழைத்துப்போகும் வழியில் அலெக் குதிரை வண்டியைச் சரிவில் தலைதெறிக்க ஓட்டுகிறான். பயந்து கெஞ்சுகிறவளிடம், ஒரு முத்தம் கொடுத்தால் நிறுத்துகிறேன் என்கிறான். வாகனம் அவன் கையில், உயிர் பயம் இவளுக்கு. வேறு வழியில்லாமல் சம்மதிக்கிறாள். உடனே கைக்குட்டையால் அந்த இடத்தைத் துடைக்கிறாள். அவனுக்கு ஆத்திரம் வருகிறது. கொஞ்ச தூரம் போனதும் அவள் தன் தொப்பியைக் காற்றில் பறக்கவிடுகிறாள். அதை எடுக்கும் சாக்கில் கீழே இறங்கி, இனி ஏறமாட்டேன் என்று மீதி வழியை நடந்தே கடக்கிறாள்.

"அவ ஏன் எதிர்க்கல?" என்று கேட்பவர்கள் இந்தத் தொப்பியைத் தவறவிட்டவர்கள். அவள் எதிர்த்தாள். நேருக்கு நேர் முடியாது என்று சொன்னால் வேலை போகும் என்பதால், சாக்குச் சொல்லி எதிர்த்தாள். தோட்டத்தில் மண்டோர் (மேற்பார்வையாளர்) கண்ணில் தனியாகப் படாமல் நிரையை (மர வரிசையை) மாற்றிக்கொண்டு வேலை செய்த பெண்களின் எதிர்ப்பும் இந்த வகைதான். பலம் குறைந்தவர்களின் மறுப்பு பெரும்பாலும் மறுப்புபோலத் தெரிவதில்லை. அதைக் கண்டுபிடிப்பது வாசகர் செய்ய வேண்டிய வேலை.

அந்தக் காட்டு இரவு 10, 11-ஆம் அத்தியாயங்கள். கூட வந்த பெண்கள் சண்டைக்கு வர, அலெக் குதிரையில் வந்து 'காப்பாற்றி' ஏற்றிக்கொள்கிறான். மூடுபனியில் வழி தவறுகிறது. அப்போதுதான் சொல்கிறான்: உன் அப்பாவுக்கு இன்றைக்குப் புதுக் குதிரை வந்து சேர்ந்திருக்கும், தம்பி தங்கைகளுக்குப் பொம்மைகள் அனுப்பியிருக்கிறேன் என்று. டெஸ்ஸுக்கு அதில் மகிழ்ச்சி இல்லை. அனுப்பாமலே இருந்திருக்கலாம், அது என்னைக் கட்டிப்போடுகிறது என்கிற பொருளில் தடுமாறிப் பதில் சொல்கிறாள். நாவலின் மிக நேர்மையான வாக்கியங்களில் ஒன்று அது. கணக்கு ஏறியிருப்பதை அவள் உடம்பு உணர்ந்துவிட்டது. எப்படித் திருப்பிக் கொடுப்பது என்பதுதான் தெரியவில்லை. களைப்பில் தூங்கிப்போகிறாள். தூங்குகிறவளிடம் இசைவு என்ற பேச்சுக்கே இடமில்லை.

மழை, கார், சூயிங் கம்

கங்காவின் கதையில் இந்த முன்கணக்கு மிகச் சிறியது. மாதக்கணக்கில் ஏறியது அங்கே. இங்கே ஒரு சாயங்காலத்துக்குள் முடிந்துவிடுகிறது. இந்தச் சம்பவத்துக்கு மூலக்கதை, 1966-இல் ஆனந்த விகடனில் வந்த ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதை. கொட்டும் மழை, ஒரு பெரிய கார், உள்ளே அவள் கண்டிராத சொகுசு, அவன் நீட்டும் சூயிங் கம். மரியாதைக்குப் பயந்து ஏறுகிறாள், மரியாதைக்குப் பயந்து வாங்கிக்கொள்கிறாள். கெட்ட எண்ணம் இருக்குமோ என்று முகத்துக்கு நேரே சந்தேகிப்பது அநாகரிகம் என்று வளர்க்கப்பட்ட பெண்.

அங்கே ஸ்ட்ராபெர்ரி, இங்கே சூயிங் கம். இரண்டு எழுத்தாளர்களும் வசப்படுத்தலின் முதல் அடியை ஒரு பெண்ணின் வாயில் போடும் சின்னப் பொருளாகக் காட்டியது வியப்பான ஒற்றுமை. ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியதாகச் சொல்வதற்கில்லை. இலவசமாகக் கிடைத்த சின்னப் பொருளை மறுப்பதற்கு நம் சமூகங்கள் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை என்பதை இரண்டு பேரும் கண்டிருக்கிறார்கள்.

இங்கே வாசகர் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. கங்காவின் மனம் காரின் அழகில் ஒரு கணம் மயங்குகிறது. அதை ஜெயகாந்தன் மறைக்கவில்லை. உடனே, "அப்ப அவளுக்கும் ஆசை இருந்துச்சே" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். காரைப் பிடித்திருந்தது என்பது வேறு. நடந்ததற்கு இசைந்தாள் என்பது வேறு.

ஆசிரியர் கண்ணை மூடிக்கொள்ளும் இடம்

இரண்டு சொற்கள் இன்னும் பாக்கி. கதையை யார் கண்ணால் பார்க்கிறோம் என்பது பார்வைக்கோணம். ஆசிரியர் வேண்டுமென்றே சொல்லாமல் தாண்டிப்போகும் பகுதி விடுபாடு.

காட்டில் என்ன நடந்தது என்பதை ஹார்டி சொல்வதில்லை. அவளைக் காக்கும் தேவதை எங்கே போனது என்று கேட்டுவிட்டு, அடுத்த பாகத்துக்குப் போய்விடுகிறார். 130 ஆண்டுகளாக 'அது பலவந்தமா, மயக்கிய செயலா' என்று விமர்சகர்கள் வாதிட இந்த விடுபாடுதான் காரணம். இதில் அக்காலப் பத்திரிகைகளின் பயமும் இருக்கிறது. 1891-இல் 'கிராஃபிக்' வார இதழில் தொடராக வந்தபோது, இந்தக் காட்சியே எடுக்கப்பட்டு, டெஸ்ஸைப் பொய்த் திருமணம் செய்து ஏமாற்றியதாக மாற்றி எழுதப்பட்டது. புத்தகமாக வந்தபோதுதான் பழைய வடிவம் திரும்பியது. 'ஒரு தூய பெண்' என்ற துணைத்தலைப்பையும் ஹார்டி சேர்த்தார். அதற்காக ஏச்சும் வாங்கினார்.

பார்வைக்கோணத்தில் பெரிய வித்தியாசம். டெஸ்ஸை நமக்குச் சொல்பவர் வெளியே நிற்கும் ஓர் ஆண் குரல். அவளுக்காக உருகுகிறது, அதே சமயம் அவள் உதட்டையும் கண்ணையும் திரும்பத் திரும்ப வர்ணிக்கவும் செய்கிறது. வாசகர் சில இடங்களில் அலெக்கின் கண்ணாலேயே அவளைப் பார்க்க நேர்கிறது. கங்காவின் கதையில் பெரும்பகுதியை அவளே பேசுகிறாள். கோபம், குதர்க்கம், தன்னையே குத்திக்கொள்ளும் பேச்சு எல்லாம் நேரடியாக நம் காதில் விழுகின்றன. டெஸ்ஸிடம் பரிதாபப்படுவது சுலபம். கங்காவோடு வாதாடத் தோன்றும். அது ஜெயகாந்தன் அவளுக்குக் கொடுத்த கௌரவம் என்றே சொல்ல வேண்டும்.

பெயர் வைக்கும் உரிமை

நடந்தது நடந்த பிறகு, அதற்கு என்ன பெயர் வைப்பது என்று யார் தீர்மானிக்கிறார்கள்? ஒப்பிடும்போது அதிக நேரம் செலவிட வேண்டிய கேள்வி இதுதான்.

'அக்கினிப் பிரவேசம்' சிறுகதையில் வரும் அம்மா முதலில் பெண்ணை அடித்துக் கதறுகிறாள். பிறகு அக்கம்பக்கத்தாரிடம் விஷயத்தை மறைத்து, பெண்ணின் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். கதை வந்தபோது பெரிய எதிர்ப்பு எழுந்தது. பிறகு எழுதிய நாவலில் ஜெயகாந்தன் அதே சம்பவத்தை எடுத்து, அம்மாவை மட்டும் மாற்றினார். இந்த அம்மா ஊரைக் கூட்டிவிடுகிறாள். நாவலுக்குள் ஆர்.கே.வி. என்ற எழுத்தாளர் எழுதியதாக அந்தச் சிறுகதையே வருகிறது. கங்கா அதைப் படிக்கிறாள், தனக்கு இப்படி ஓர் அம்மா வாய்த்திருந்தால் என்று வேகிறாள்.

ஒரே கார், ஒரே மழை, ஒரே பெண். அம்மா சொன்ன ஒரு சொல் மாறியதால் வாழ்க்கையே வேறாகிறது. கங்காவை அழித்ததில் அந்த மாலைப்பொழுதின் பங்கைவிட, அதற்குக் 'கெட்டுப்போனவள்' என்று பெயர் வைத்தவர்களின் பங்கு அதிகம் என்பதை இதைவிடத் தெளிவாக நிரூபிக்க முடியாது.

டெஸ்ஸின் பக்கத்தில் இதையே ஏஞ்சல் செய்கிறான். திருமண இரவில் முதலில் அவன்தான் தன் பழைய தவறைச் சொல்கிறான்: லண்டனில் முன்பின் தெரியாத ஒருத்தியோடு 48 மணி நேரம். டெஸ் அக்கணமே மன்னித்துவிடுகிறாள். தைரியம் வந்து தன் கதையைச் சொல்கிறாள். அவனோ, நான் காதலித்தவள் நீ இல்லை, நீ வேறு ஒருத்தி என்கிற ரீதியில் பேசுகிறான். அலெக் அவளை ஏமாற்றினான். அவளை வேறு ஆளாக்கியது நல்லவனான ஏஞ்சல்.

கங்காவின் மாமா இதைவிடப் பயங்கரம். அவர்தான் சோறு போட்டார், படிக்கவைத்தார். அவரே அவள்மேல் ஆசைப்படுகிறார். நீ யாருக்கும் மனைவியாக முடியாது, வேண்டுமானால் வைப்பாட்டியாக இருக்கலாம் என்ற தீர்ப்பும் அவருடையதுதான். சாமர்த்தியம் இருந்தால் அந்தப் பையனைத் தேடிப் பிடிக்கட்டும் என்ற சவாலும் அவருடையது. கெடுத்தவன் ஒரு நாள் வந்து போனான். பாதுகாவலர் ஆண்டுக்கணக்கில் வீட்டுக்குள் இருக்கிறார்.

இதுவரை: டெஸ்ஸின் கதையில் முன்கணக்கு நீளம், கங்காவின் கதையில் பின்கணக்கு நீளம். இரண்டிலும் 'நல்லவர்' வைக்கும் பெயர்தான் ஆழமாகக் குத்துகிறது.

ஆளுக்கு ஆள் ஜோடி சேர்க்க வேண்டாம்

மாணவர்கள் அதிகம் மதிப்பெண் இழக்கும் இடத்தையும் சொல்லிவிட வேண்டும். அலெக்குக்கு இணை பிரபு, ஏஞ்சலுக்கு இணை ஆர்.கே.வி. என்று கோடு போட்டுச் சேர்ப்பார்கள். அப்படிச் சேராது. தேடிக் கண்டுபிடித்த பிரபு, வீட்டிலும் மதிப்பில்லாத, பலவீனமான மனிதனாக நிற்கிறான். அவனிடம் கங்காவுக்குக் கிடைப்பது ஒரு விசித்திரமான நட்பு. அலெக்கிடம் பயப்பட்டதுபோல இவனிடம் பயப்பட என்ன இருக்கிறது?

ஆளை விட்டுவிட்டு அவர் செய்யும் வேலையைப் பாருங்கள். அலெக் என்ற ஒருவன் இரண்டு வேலை செய்கிறான்: வாகனத்தில் ஏற்றித் தனிமைப்படுத்துகிறான், குடும்பத்துக்கு உதவி செய்து கடன்படவைக்கிறான். ஜெயகாந்தன் இந்த இரண்டையும் இரண்டு ஆண்களுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறார். வாகனம் பிரபுவிடம், உபகாரம் மாமாவிடம். டெஸ் வீட்டுக்கு வந்த புதுக் குதிரைக்கு இணை, கங்காவுக்கு மாமா கட்டிய படிப்புச் செலவு. இந்த ஒரு வரியை விளக்கி எழுதினாலே ஒரு நல்ல ஒப்பீட்டுக் கட்டுரை ஆகிவிடும்.

பெண்கள் கையில் உள்ள அதிகாரத்தையும் இதேபோல எடைபோட வேண்டும். காட்டுச் சம்பவத்துக்குச் சில வாரங்கள் கழித்து டெஸ் கிளம்புகிறாள். பணமும் துணியும் தருகிறேன் என்கிறான் அலெக். வாங்கினால் உன் அடிமையாகிவிடுவேன் என்று மறுக்கிறாள். அப்போது புரியவில்லை என்று அவள் சொன்னதற்கு, எல்லாப் பெண்களும் இதைத்தான் சொல்வார்கள் என்று அவன் கேலி செய்ய, எல்லோரும் சொல்வதைச் சிலர் உண்மையாகவே உணரக்கூடும் என்று உனக்குத் தோன்றவில்லையா என்று சீறுகிறாள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்கும் கேள்வி அதைவிடக் கூர்மை: ஆண்களால் ஆபத்து என்று நீ ஏன் முன்பே சொல்லவில்லை? பெரிய இடத்துப் பெண்கள் நாவல் படித்து இந்தத் தந்திரங்களைத் தெரிந்துகொள்கிறார்கள், எனக்கு அந்த வாய்ப்பு இல்லையே. (நாவலை எதற்குப் படிக்கிறோம் என்று கேட்பவர்களுக்கு 12-ஆம் அத்தியாயத்தைக் காட்டலாம்.)

கங்காவின் ஆயுதம் வேறு. மாமா எறிந்த 'வைப்பாட்டி' என்ற சொல்லையே எடுத்துக் கேடயமாகப் பிடிக்கிறாள். ஆமாம், நான் பிரபுவுக்குச் சொந்தம் என்று ஊர் நம்பும்படி நடந்துகொள்கிறாள். அந்தப் பொய் மாமாவைத் தள்ளிநிறுத்துகிறது. அவர்கள் சேர்த்துவைத்த பெயரை அவர்கள்மேலேயே திருப்புகிற துணிச்சல். ஆனால் கேடயம் அவளையும் உள்ளே பூட்டிவிடுகிறது. பிரபு விலகிப்போனதும் குடியில் சரிகிறாள். டெஸ்ஸின் கத்தியும் கங்காவின் சொல்லும் எதிர்த்து நிற்கவைத்தன, மீட்கவில்லை.

வீடு யாருடையது?

தோட்டத்து வாசகர்களுக்கு ஹார்டியின் 51, 52-ஆம் அத்தியாயங்களை யாரும் விளக்க வேண்டியதில்லை. டெஸ்ஸின் அப்பா இறந்ததும் வீட்டின் குத்தகை முடிந்துவிடுகிறது. விதவையும் பிள்ளைகளும் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு இடம் தேடி அலைகிறார்கள். அந்த நேரம் பார்த்து அலெக் திரும்ப வருகிறான்: வீடு தருகிறேன், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கிறேன், அம்மா கோழி வளர்க்கட்டும். முதல் தடவை ஒரு குதிரை. இந்தத் தடவை ஒரு கூரை. டெஸ் அவனிடம் திரும்பிப்போனதற்குக் காரணம் தேடி அவள் மனசைக் குடைய வேண்டியதில்லை. தெருவில் கிடக்கும் கட்டிலைப் பார்த்தால் போதும்.

வேலையோடு வீடும் போகும் என்பது இங்கே எல்லோரும் அறிந்தது. 1950-களிலும் 60-களிலும் பெரிய தோட்டங்கள் துண்டுபோட்டு விற்கப்பட்டபோது லயத்தைக் காலி செய்த குடும்பங்கள் ஏராளம். சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்துத் தொழிலாளர் காசிலேயே தோட்டங்களை வாங்கியது இந்த நிலைமையில்தான். கூரை பறிபோகும் பயம் இருக்கும் இடத்தில் கிராணியின் (தோட்டக் குமாஸ்தாவின்) சிரிப்புக்கும் மண்டோரின் தயவுக்கும் என்ன விலை என்று டெஸ் படிக்கும்போது சேர்த்து யோசிக்கலாம். கங்காவுக்குச் சம்பளம் இருக்கிறது. மாமாவின் தயவு இல்லாமலும் சாப்பிட முடியும். அதனால்தான் அவளால் எதிர்த்துப் பேச முடிகிறது. இரண்டு பெண்களின் குணவேறுபாடு என்று நாம் நினைப்பதில் பாதி, சம்பளச் சீட்டின் வேறுபாடு.

வாசிப்புக் குழுவில் செய்துபார்க்க

முதல் கூட்டத்துக்கு 'டெஸ்' 4 முதல் 12 வரை ஒன்பது அத்தியாயங்களும், 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதையும் போதும். நாவல் முழுவதையும் முதலிலேயே கொடுத்தால் பாதிப்பேர் முடிக்காமல் வருவார்கள். ஒரு தாளில் நாலு கட்டம் போடுங்கள்: பக்க எண், அவன் கொடுத்தது, அவள் கேட்டாளா, மறுத்திருந்தால் என்ன நஷ்டம். படிக்கும்போதே நிரப்பிக்கொண்டு வரச் சொல்லுங்கள். அந்த இரவைப் பற்றிய விவாதத்தை இந்தத் தாள்கள் வாசிக்கப்பட்ட பிறகுதான் தொடங்க வேண்டும். முன்னாடியே தொடங்கினால் "அவளாத்தானே ஏறுனா" என்ற பழைய இடத்துக்கே பேச்சு போய்விடும்.

1977-இல் பீம்சிங் எடுத்த 'சில நேரங்களில் சில மனிதர்கள்' படத்தைப் பார்த்தவர்கள் குழுவில் இருப்பார்கள். லட்சுமியின் நடிப்புக்குத் தேசிய விருது கிடைத்த படம். நன்றாகவே நினைவில் நிற்கும். ஆனால் விவாதத்தில் படத்தையும் நாவலையும் கலக்கவிடாதீர்கள். ஒரு கருத்தைச் சொல்பவர் பக்கத்தைக் காட்ட வேண்டும் என்று முதலிலேயே விதி வைத்துவிட்டால் இந்தச் சிக்கல் வராது.

இரண்டாவது கூட்டத்தை ஜெயகாந்தனின் நாவலோடும் ஹார்டியின் 34, 35, 51, 52 அத்தியாயங்களோடும் வைத்துக்கொள்ளலாம். தோட்டத்தில் வீடு காலி செய்த பெரியவர்கள் யாராவது இருந்தால் 52-ஆம் அத்தியாயத்தில் அவர்களை முதலில் பேசவிடுங்கள். இளையவர்களுக்கு மட்டும், டெஸ் குடும்பத்தின் குத்தகை குறிப்பிட்ட மூன்று பேர் உயிரோடு இருக்கும்வரைதான் செல்லும், அந்த மூவரில் கடைசி உயிர் அவள் அப்பா என்பதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.